அங்கியைத் துறந்த வழக்கறிஞர் ம. சிங்காரவேலர்

சென்னைத் துறைமுகத்தின் நெடிய மதிற்சுவரை ஒட்டிச் செல்லும் இராஜாஜி சாலையில், மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ள கட்டடத்திற்குச் சிங்காரவேலர் மாளிகை என்பது பெயர். பட்டா மாற்றத்திற்கும் சாதிச் சான்றிதழுக்கும் நாள்தோறும் அங்கு வந்து செல்வோர் பலர். இராயபுரத்திலிருந்தும் காசிமேட்டிலிருந்தும் வருகின்ற மீனவக் குடும்பத்தார் பலரும் அவர்களுள் உண்டு. அம்மாளிகைக்குப் பெயர் தந்த பெருமகனார் தம் குலத்தில் தோன்றியவர் என்பதை அறிந்தோர் சிலர். அவர் ஒரு வழக்கறிஞராக வாழ்வு நடத்தியவர் என்பதையும், அத்தொழிலைத் தாமே உதறித் தள்ளியவர் என்பதையும் அறிந்தோர் அவரினும் சிலர்.

வழக்கறிஞர் தொழிலை நாடும் இளைஞர்களுக்கும், தம் மக்களை அத்துறையில் புகுத்த விழையும் பெற்றோர்க்கும் சிங்காரவேலரின் வாழ்வு ஒரு பாடமாகும். பொருளீட்டும் வழியைக் கூறும் பாடமன்று அது. கற்ற சட்டம் யாருக்குப் பயன்பட வேண்டும் என்னும் வினாவை எழுப்பும் பாடம்.

பிறப்பும் கல்வியும்

1860-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 18-ஆம் நாள், சென்னைக் கடற்கரையில், மீனவர் குலத்தில் சிங்காரவேலர் பிறந்தார். தந்தையார் வெங்கடாசலம் செட்டியார், தாயார் வள்ளியம்மை. கடலை நம்பி வாழும் மக்களுக்குக் கல்விச்சாலையின் வாயில் எளிதில் திறவாத காலம் அது. வலையும் படகும் வழிவழியாக வந்த செல்வம்; ஏடும் எழுத்தும் பிறர்க்குரியவை என்றே அந்நாளைய சமூகம் கருதியிருந்தது. அக்கட்டினைக் கடந்து 1881-ஆம் ஆண்டு மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார். 1884-இல் கிறித்துவக் கல்லூரியில் எஃப்.ஏ. வகுப்பை முடித்து, பின்னர் மாநிலக் கல்லூரியில் பயின்று பி.ஏ. பட்டமும் பெற்றார்.

1889-ஆம் ஆண்டு அங்கம்மாள் என்னும் பெண்மணியை மணந்தார். அது சாதி கடந்த திருமணம். சாதி வேறுபாடுகளை ஒழிக்க வேண்டும் என மேடையில் முழங்குவோரும் தம் இல்லத் திருமணத்தில் சாதி பார்த்த நாளில், அவர் தம் கொள்கையை முதலில் தம் வாழ்விலேயே நிறைவேற்றிக் காட்டினார். புத்தர் பெருமானின் போதனைகளில் ஈடுபாடு கொண்டு, பேராசிரியர் இலட்சுமி நரசு போன்ற அறிஞர்களுடன் சேர்ந்து சென்னையில் பௌத்தப் பணிகளிலும் பங்கு கொண்டார். நூல்களைத் தேடித் தேடி வாங்கிப் படிப்பது அவருக்கு இயல்பாகவே அமைந்திருந்தது. கடற்கரைச் சாலையில் இருந்த அவரது இல்லத்தின் நூலகம் அந்நாளில் பலராலும் வியந்து பேசப்பட்டது.

நாற்பத்தேழாம் வயதில் சட்டப் பட்டம்

சட்டக் கல்வியை அவர் நிறைவு செய்தது 1907-ஆம் ஆண்டில். அப்போது அவருக்கு வயது 47. உடன் பயின்றவர் பலர் அவருக்கு மகன் முறையாகத் தக்க வயதினர். அகவை முதிர்ந்த பின் ஏன் இந்தப் படிப்பு என்று தயங்குவோர்க்கு இதைவிடச் சிறந்த மறுமொழி வேறில்லை.

சென்னைச் சட்டக் கல்லூரி 1891-ஆம் ஆண்டு தோன்றியது. உயர்நீதிமன்றத்தின் செந்நிற மாளிகை 1892-இல் கட்டி முடிக்கப்பெற்றது. அதன் உயர்ந்த கோபுரத்தில் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கு எரிந்து வந்தது. நீதிமன்றத்தின் உச்சியிலிருந்து வீசிய ஒளி, இரவில் கடல்மேற் சென்ற கட்டுமரங்களுக்கும் வழி காட்டியது. அந்த மாளிகையினுள், கட்டுமரம் செலுத்திய குலத்தின் வழித்தோன்றல் ஒருவர் கறுப்பு அங்கி அணிந்து வழக்கறிஞராக நுழைந்தது அந்நாளில் சிறிய செய்தியன்று.

அவர் தொழில் நடத்திய ஆண்டுகளில் அந்த மாளிகையைச் சுற்றியிருந்த உலகம் விரைந்து மாறிக்கொண்டிருந்தது. 1875-ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பெற்ற செயற்கைத் துறைமுகம் ஆண்டுக்கு ஆண்டு விரிவடைந்தது. கடலுள் நீட்டப்பட்ட கற்சுவர்கள் தெற்கிலிருந்து வரும் மணலைத் தடுத்து நிறுத்தின. அதனால் தெற்கே மெரினாக் கடற்கரை அகன்றது. வடக்கே இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வரை கடல் கரையை அரித்தது. நகரத்தார்க்கு உலாவுதற்கு மணற்பரப்புக் கிடைத்த அதே காரணத்தால், வடசென்னை மீனவர்க்குப் படகு நிறுத்தவும் வலை உலர்த்தவும் இருந்த இடம் அலையில் கரைந்தது.

1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. குண்டு ஒன்று உயர்நீதிமன்ற வளாகத்திலும் வீழ்ந்தது. நீதிமன்றமும் துறைமுகமும் எண்ணெய்க் கிடங்கும் எத்துணை அண்மையில் அடுத்தடுத்து இருந்தன என்பதை அந்த ஓர் இரவு காட்டிற்று. எனினும் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவனுக்கும் கிடங்கில் எண்ணெய் இறைத்தவனுக்கும் அந்நீதிமன்றத்தின் படிக்கட்டு எட்டாத் தொலைவில் இருந்தது. கூலி குறைந்தால் முறையிடவோ, வேலையினின்று நீக்கினால் கேட்கவோ, அவனுக்கெனச் சட்டம் ஏதும் அந்நாளில் இல்லை.

சங்கம் குற்றமான காலம்

1918-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் அதன் முதுகெலும்பாயினர். பி.பி. வாடியா தலைவராகவும், திரு.வி.க. துணைத் தலைவர்களுள் ஒருவராகவும் விளங்கினர். செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் அதனை உருவாக்க உழைத்தவர்கள்.

1920-ஆம் ஆண்டின் இறுதியில் ஆலையில் பூசல் மூண்டபோது, ஆலையை நடத்திய பின்னி கம்பெனி உயர்நீதிமன்றத்தை நாடிற்று. தொழிலாளர்கள் வேலை ஒப்பந்தத்தை மீறுமாறு சங்கத் தலைவர்கள் தூண்டினர் என்பது வழக்கு. சங்கத் தலைவர்கள் அவ்வாறு செய்யலாகாது என நீதிமன்றம் இடைக்காலத் தடையாணை பிறப்பித்தது. இழப்பீட்டுச் சுமையும் அவர்கள் தலைமீது தொங்கியது. கூலி உயர்வு கேட்பதற்காக ஒன்று கூடுவது, பிறர் ஒப்பந்தத்தைக் குலைக்கும் சதி எனச் சட்டத்தின் பார்வையில் கொள்ளப்பட்டது. வாடியா தொழிலாளர் இயக்கத்தினின்று விலக நேர்ந்தது. 1921-ஆம் ஆண்டு மீண்டும் மூண்ட வேலைநிறுத்தம் பல திங்கள் நீடித்தது. புளியந்தோப்புப் பகுதியில் கலவரம் மூண்டு வீடுகள் எரிந்தன. காவலர் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின.

இவையனைத்தையும் சிங்காரவேலர் அருகிலிருந்து கண்டார். சட்டம் கற்றவர் ஆதலின் தடையாணையின் பொருளை மற்றவரினும் தெளிவாக உணர்ந்திருப்பார். நீதிபதி தீயவர் என்பதால் நேர்ந்த தீர்ப்பன்று அது. நடைமுறையில் இருந்த சட்டமே அப்படிப்பட்டது. எத்துணைத் திறமையுடன் வாதாடினும், இல்லாத உரிமையை வழக்கறிஞர் எங்ஙனம் நிலைநாட்டுவார்?

அங்கியை எரித்தது

அண்ணல் காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கத்தைத் தொடங்கி, வழக்கறிஞர்கள் நீதிமன்றங்களைப் புறக்கணிக்க வேண்டும் என அழைப்பு விடுத்திருந்தார். வங்கத்தில் சித்தரஞ்சன் தாஸும், வடக்கே மோதிலால் நேருவும், தெற்கே இராஜாஜியும் தம் தொழிலைத் துறந்தனர். சிங்காரவேலர் 1921-இல் பொதுக்கூட்டத்தில் மக்கள் முன்னிலையில் தம் வழக்கறிஞர் அங்கியைத் தீயிலிட்டு எரித்தார். அப்போது அவருக்கு வயது 61. நாற்பத்தேழு வயது வரை காத்திருந்து பெற்ற தகுதியைப் பதினான்கே ஆண்டுகளில் துறந்தார்.

1922-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இயக்கம் நிறுத்தப்பட்டபின் வழக்கறிஞர் பலர் மீண்டும் நீதிமன்றம் சென்றனர். அதில் பிழை காண்பதற்கில்லை. குடும்பம் காக்க வேண்டிய கடமை அவர்களுக்கும் இருந்தது. சிங்காரவேலர் திரும்பவில்லை. இருபதாம் வயதில் பதவியைத் துறப்பவனுக்கு மீட்டும் ஈட்டக் காலம் இருக்கிறது. அறுபதைக் கடந்தவருக்கு அது இல்லை என்பதை நினைந்தால் இத்துறவின் அருமை விளங்கும்.

இவ்விடத்து ஓர் ஐயம் எழுதல் இயல்பு. ஏழைகளுக்கென வாதாடக்கூடிய ஒரு வழக்கறிஞர் அங்கியை எரித்துவிட்டால், இழப்பு யாருக்கு? சிறைப்பட்ட தொழிலாளிக்குப் பிணை கேட்க ஒருவர் குறைந்தாரன்றோ? இந்த வினாவை எளிதில் தள்ளிவிட இயலாது. வழக்குமன்றத்தில் நின்று போராடிய வழக்கறிஞர்களின் உதவியின்றி எந்தத் தொழிற்சங்கமும் வளர்ந்ததில்லை. ஆயின், அவர் எரித்தது துணியும் அதனால் வந்த வருவாயும்தான். சட்ட அறிவு அவரிடமே இருந்தது. தனி ஒருவர்க்கான வழக்கை விடுத்து, சட்டத்தையே மாற்றுதற்கான வழக்கை மக்கள் மன்றத்தில் அவர் தொடுத்தார் என்று கொள்வதே பொருந்தும்.

நீதிமன்றத்தின் எதிரே மே நாள்

1922-ஆம் ஆண்டு இறுதியில் கயாவில் நடைபெற்ற காங்கிரஸ் மாநாட்டில் சிங்காரவேலர் கலந்துகொண்டார். தம்மைப் பொதுவுடைமையாளர் என்று வெளிப்படையாகக் கூறி, தொழிலாளர், உழவர் நலனைக் காங்கிரஸ் ஏற்க வேண்டும் என வாதிட்டார். அம்மாநாட்டின் தலைவர் சித்தரஞ்சன் தாஸும் தொழிலைத் துறந்த வழக்கறிஞரே.

அடுத்த ஆண்டு, 1923 மே 1-ஆம் நாள், இந்தியாவில் முதன்முறையாக மே நாள் கொண்டாடப்பட்டது. அதற்கு ஏற்பாடு செய்தவர் சிங்காரவேலர். திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஒரு கூட்டமும், உயர்நீதிமன்றத்திற்கு எதிரேயுள்ள கடற்கரையில் மற்றொரு கூட்டமும் நடைபெற்றன. இந்துஸ்தான் தொழிலாளர் விவசாயிகள் கட்சியின் தோற்றமும் அன்றே அறிவிக்கப்பட்டது. மே முதல் நாளை விடுமுறை நாளாக அறிவிக்க வேண்டும் என்ற தீர்மானமும் நிறைவேறிற்று.

இரண்டாம் கூட்டம் நிகழ்ந்த இடத்தைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். எந்த மாளிகையுள் பதினான்கு ஆண்டுகள் அங்கியணிந்து நின்றாரோ, அந்த மாளிகையின் எதிரே, மணலில், அங்கியின்றித் தொழிலாளர் நடுவே அவர் நின்றார். அக்காலத் தொழிற்சாலைச் சட்டம் வளர்ந்த ஆடவர்க்கு நாளொன்றுக்குப் பதினொரு மணி நேரமும் வாரத்திற்கு 60 மணி நேரமும் வேலை வாங்க இடம் தந்தது. எட்டு மணி நேர வேலை என்பது கனவாகத் தோன்றிய நாள். வாரத்திற்கு 48 மணி என்ற வரம்பை ஏற்ற 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வருதற்கு, அம்மணற்கூட்டத்திற்குப் பின் இருபத்தைந்து ஆண்டுகள் செல்ல வேண்டியிருந்தது.

வாதியாக நின்றவர் பிரதிவாதியாக

1924-ஆம் ஆண்டு கான்பூர் சதி வழக்கில் சிங்காரவேலரும் குற்றம் சாட்டப்பட்டார். உடல்நலம் குன்றியிருந்தமையால் பிணையில் விடப்பட்டு, அவர்மீதான வழக்கு தொடரப்படவில்லை. முசாபர் அகமது, டாங்கே உள்ளிட்ட நால்வர்க்கு நான்காண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அச்சத்தால் ஒதுங்கும் இயல்பு அவரிடம் இல்லை. 1925 டிசம்பரில் அதே கான்பூரில் நடைபெற்ற முதல் பொதுவுடைமையர் மாநாட்டிற்கு அவரே தலைமை தாங்கினார். சென்னை மாநகராட்சியின் உறுப்பினராகவும் அக்காலத்தில் பணியாற்றினார்.

இதற்கிடையில் அவர் விரும்பிய மாற்றங்களுள் ஒன்று நிகழ்ந்தது. சென்னை ஆலை வழக்கின் தடையாணை நாடெங்கும் எழுப்பிய கவலையால், 1921-இல் மத்திய சட்டமன்றத்தில் என்.எம். ஜோஷி தொழிற்சங்கப் பாதுகாப்பு வேண்டித் தீர்மானம் கொணர்ந்தார். அதன் விளைவாகத் தொழிற்சங்கச் சட்டம் 1926-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 1927 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பதிவு பெற்ற சங்கத்தின் நியாயமான செயல்களைக் குற்றச் சதி எனக் கொள்ளலாகாது என்றும், தொழில் தகராறின்போது ஒப்பந்தத்தை மீறத் தூண்டினர் என்பதற்காக மட்டும் உரிமையியல் வழக்குத் தொடுக்கலாகாது என்றும் அச்சட்டம் கூறியது. வாடியாவைப் பணிய வைத்த வாள் அதனால் முனை மழுங்கிற்று. அச்சட்டத்தின் கூறுகள் பின்னர் 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்டன.

1927-ஆம் ஆண்டு சென்னை எண்ணெய்க் கம்பெனித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது சிங்காரவேலர் அவர்களுக்குத் துணை நின்றார். அடுத்த ஆண்டு தென்னிந்திய இரயில்வேயில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. நாகப்பட்டினம், போத்தனூர் ஆகிய இடங்களிலிருந்த பணிமனைகளைத் திருச்சிக்கு அருகிலுள்ள பொன்மலையில் ஒன்றுசேர்க்கவும், ஆட்களைக் குறைக்கவும் கம்பெனி முற்பட்டதே அதற்குக் காரணம். 1928 ஜூலையில் நிகழ்ந்த அவ்வேலைநிறுத்தம் சில நாள்களிலேயே ஒடுக்கப்பட்டது. சிங்காரவேலரும், முகுந்தலால் சர்க்கார் முதலிய தலைவர்களும் சதி வழக்கில் சிக்கினர். 68 வயது முதியவருக்குப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் தண்டனை குறைக்கப்பட்டு, 1930-ஆம் ஆண்டு விடுதலையானார்.

பிறர்க்காக நீதிமன்றத்தில் எழுந்து நின்ற ஒருவர், குற்றவாளிக் கூண்டில் நின்று அதே சட்ட நூல்களால் அளக்கப்பட்டார். அவர் வாழ்வின் கடுஞ்சோதனை இதுவே. தண்டனையைக் குறைத்ததும் நீதிமன்றமே என்பதை நாம் மறத்தல் கூடாது. சட்டத்தில் தவறும் உண்டு. தவறைத் திருத்தும் படிநிலையும் அதனுள்ளேயே உண்டு.

எழுத்துப் பணியும் மறைவும்

சிறையினின்று மீண்டபின் அவர் எழுத்தை ஆயுதமாகக் கொண்டார். தந்தை பெரியாரின் குடியரசு இதழில் அறிவியல், பொருளியல், மூடநம்பிக்கை ஒழிப்பு ஆகியன பற்றித் தொடர்ந்து எழுதினார். 1932-ஆம் ஆண்டு இறுதியில் ஈரோட்டில் உருவான சமதர்மத் திட்டத்தில் அவர் பங்கு பெரிது. 1935-இல் புது உலகம் என்னும் திங்களிதழைத் தொடங்கினார். ஆங்கிலம் கற்றோர்க்கே உரியதாயிருந்த அறிவியற் செய்திகளை, ஆலைத் தொழிலாளியும் படித்தறியும் தமிழில் தந்தார். எண்பதைக் கடந்த முதுமையிலும், 1945-ஆம் ஆண்டு சென்னையில் அச்சகத் தொழிலாளர் மாநாட்டில் பேசினார். 1946 பிப்ரவரி 11-ஆம் நாள், நாடு விடுதலை பெறுதற்கு ஓராண்டும் சில திங்களும் இருக்கையில், மறைந்தார். அவர்தம் கொள்கைகளில் மாறுபடுவோர் பலர் இருக்கலாம். அவரது நேர்மையில் ஐயம் கொண்டோர் இல்லை.

இன்றைய இளைஞர்க்கு

இன்று இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள கரையில் துறைமுகங்களும் சுத்திகரிப்பு ஆலைகளும் மின் நிலையங்களும் நிறைந்துள்ளன. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதியதால் எண்ணெய் கரையெங்கும் படிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவி, வலைகளும் படகுகளும் பாழாயின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து அதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. சிங்காரவேலர் காலத்தில் அலை கரையை அரித்தபோது முறையிட மன்றம் இல்லை. இன்று மன்றம் உண்டு. அம்மன்றத்தில் மீனவர் மொழியறிந்து, கழிமுகத்தின் ஆழமறிந்து பேசவல்ல வழக்கறிஞர்கள் வேண்டும். அவர்கள் அக்கரையிலிருந்தே தோன்றுதல் சிறப்பு.

அதற்கான வழியும் முன்னினும் எளிதாகியுள்ளது. பன்னிரண்டாம் வகுப்பிற்குப்பின் ஐந்தாண்டுப் படிப்பும், பட்டப்படிப்பிற்குப்பின் மூன்றாண்டுப் படிப்பும் உள்ளன. சிங்காரவேலர் காலத்துச் சட்டக் கல்லூரி 1990-இல் அண்ணல் அம்பேத்கர் பெயரைப் பெற்று, 2018-இல் உயர்நீதிமன்ற வளாகத்தினின்று புதுப்பாக்கத்திற்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் பிரிந்து சென்றது. பட்டம் பெற்றோர் வழக்கறிஞர் மன்றத்தில் பதிவு செய்யும்போது, சட்டம் விதித்த 750 ரூபாய்க்கு மேலும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எனில் 125 ரூபாய்க்கு மேலும் பதிவுக் கட்டணம் கேட்கலாகாது என உச்சநீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது. பல்லாயிரம் ரூபாய் கட்ட இயலாமல் வீட்டிலேயே தங்கிவிட்ட ஏழைப் பட்டதாரிகளுக்கு இத்தீர்ப்பு ஒரு கதவைத் திறந்துள்ளது.

பெற்றோரே, இளைஞர்களே! சிங்காரவேலரைப் போல் அங்கியை எரிக்க வேண்டிய நிலை இன்று எவர்க்கும் இல்லை. அவர் எரித்த அங்கியை நாம் அணிந்துகொள்ளும் நாள் இது. ஆயினும் அதனை அணியும்போதெல்லாம், யாருக்காக அணிகிறோம் என்று அவர் தம்மைக் கேட்டுக்கொண்டது போல் நாமும் கேட்டுக்கொள்ளல் வேண்டும். விடை கிடைக்கப்பெற்றவர் கட்சிக்காரரின் பணப்பையை முதலில் நோக்கார்; அவர்தம் குறையை முதலில் கேட்பார். அத்தகைய வழக்கறிஞர் ஒருவர் ஒரு குப்பத்திற்கு வாய்த்தாலும் போதும். அக்குப்பத்து மக்கள் நீதிமன்றப் படிக்கட்டை அச்சமின்றி ஏறுவர்.